மோட்டார் வண்டியும் தூய காற்றும்

மோட்டார் வண்டி எதனால் ஓடுகிறது என்று வகுப்பிலே கேட்டால், பெரும்பாலோர் "பெட்ரோலால்" என்றே விடை கூறுவர். அது பிழையான விடையன்று. ஆயினும் முழு மதிப்பெண் பெறத்தக்க விடையும் அன்று. பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். எவ்வளவு காற்று என்று கணக்கிட்டுப் பார்த்தவர் சிலரே. எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் செவ்வையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுத் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அது எரிய ஏறக்குறைய 11 கிலோகிராம் காற்று வேண்டும். அவ்வளவு காற்று அடைத்துக்கொள்ளும் இடமோ சுமார் 9,000 லிட்டர். பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையை மனத்திலே எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வறையின் காற்று முழுவதையும் மூன்று லிட்டர் பெட்ரோல் விழுங்கிவிடும். இதையே வேறொரு வகையாகவும் சொல்லலாம். ஓய்ந்திருக்கும் ஒரு மனிதன் ஒரு பகலும் ஓர் இரவும் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். நாம் ஒரு நாள் முழுவதும் விடும் மூச்சை, ஒரு கார் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடுவதற்குள் விட்டுவிடுகிறது!

இவ்வளவு காற்றும் எங்கிருந்து வருகிறது? வண்டி ஓடும் சாலையிலிருந்துதான். அந்தச் சாலைக் காற்று எத்தகையது என்பதை எங்கள் பக்கத்தில் இருப்போர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எங்கள் ஊராகிய ராசிங்காபுரம், போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஆனி, ஆடித் திங்களில் மலைக்கு அப்பால் கேரள நாட்டிலே மழை கொட்டித் தீர்க்கும். இப்பால் எங்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்றுத்தான். உழுது போட்ட நிலத்தின் புழுதியை வாரிக்கொண்டு அது வீசும்போது கண் திறந்து நடப்பது அரிது. பங்குனி, சித்திரையில் இலவங்காய்கள் வெடிக்கும். போடிப் பக்கம் இலவம் பஞ்சுக்குப் பெயர்பெற்றது என்பதைப் பலரும் அறிவர். அந்தப் பஞ்சு காற்றில் மிதந்து போகாத இடமில்லை. இவற்றோடு, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் மண் பாதைகளில் எழுப்பும் தூசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தூசிதானே, அதனால் இரும்புக்கு என்ன கேடு என்று கேட்கலாம். 1812ஆம் ஆண்டில் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், கனிப்பொருள்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில் வைரம் பத்து. மணலிலும் சாலைத் தூசியிலும் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் ஏழு. சாதாரணப் பேனாக்கத்தியின் எஃகோ ஐந்தரை அளவினது. அதாவது, நாம் ஊதித் தள்ளும் தூசித்துகள் கத்தியையே கீறவல்லது. எஞ்சினுக்குள் பிஸ்டன் என்னும் உந்துதண்டு, சிலிண்டருக்குள் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் ஒன்றுண்டு. அதன் கனம் சில மைக்ரான் அளவே. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமனே ஐம்பது மைக்ரானுக்கு மேல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி அப்படலத்துக்குள் புகுந்துவிட்டால், அம்மியில் மணல் விழுந்த கதைதான். வளையம் தேயும், சிலிண்டர் தேயும், எண்ணெய் மேலேறி எரியும், புகைக்குழாயில் நீலப் புகை தோன்றும்.

எங்கள் ஊரில் சொந்தமாக ஜீப் வாங்கி ஓட்டி வந்தவர் ஒருவர், என்னிடம் படித்தவர். மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று, அடைத்துப்போன வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறொன்று போடாமலே ஓட்டினார். "சார், இப்போதுதான் வண்டி குதிரை மாதிரிப் போகிறது" என்று என்னிடம் மகிழ்ந்து கூறினார். "போகத்தான் செய்யும், தம்பி; காற்றோடு மண்ணையும் சேர்த்தல்லவா குடிக்கிறது? முதலில் புதிதாக ஒன்று வாங்கிப் போடு" என்றேன். சில நூறு ரூபாய்ச் செலவு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டார். அடுத்த ஆடிக்குள் வண்டி டீசலோடு எண்ணெயும் குடிக்கத் தொடங்கிவிட்டது. எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரைக் கடைந்து சீர்செய்யப் பல்லாயிரம் ரூபாய் ஆயிற்று. அதையும் வட்டிக்கு வாங்கினார். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வண்டி பட்டறையில் நின்ற ஒரு மாதமும், அவர் நாள்தோறும் விடியலில் மலைக்கு ஏற்றிச் சென்ற தோட்டத் தொழிலாளப் பெண்கள் வேறு ஜீப்புக்கு மாறிவிட்டார்கள். வேலைக்குப் போகவேண்டியவர்கள் காத்திருப்பார்களா? வண்டி திரும்பி வந்தபோது அவர்களுள் சிலரே மீண்டும் வந்தனர்.

அவர் கூறியதில் ஓர் உண்மையும் இருந்தது. வடிகட்டி எதுவாயினும் காற்றின் வழியைச் சற்றே மறிக்கத்தான் செய்யும். 1941, 1942ஆம் ஆண்டுகளில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போர் நடந்தபோது, பிரிட்டிஷ் விமானப் படையினர் இத்துன்பத்தையே அனுபவித்தனர். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மூக்கின் கீழே 'வோக்ஸ்' என்னும் பருத்த வடிகட்டியைப் பொருத்தினார்கள். மணலிலிருந்து எஞ்சின் பிழைத்தது. ஆனால் விமானத்தின் வேகம் குறைந்தது. பிறகு எகிப்திலுள்ள அபூகிர் பணிமனையில் உருவில் சிறியதான வேறொரு வடிகட்டியைச் செய்துகொண்டனர். தூசியைத் தடுக்கவேண்டும், காற்றைத் தடுக்கக்கூடாது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதுதான் வடிகட்டிக் கலையின் முடிச்சு.

பழைய ஜீப்புகளிலும் டிராக்டர்களிலும் அம்முடிச்சை அவிழ்த்த வகை மிக அழகானது. காற்றை ஒரு குழாய் வழியே கீழே இறக்கி, எண்ணெய் நிரம்பிய கிண்ணம் ஒன்றின்மேல் சட்டென்று மேல்நோக்கித் திருப்பிவிடுவார்கள். முந்தலிலிருந்து போடிமெட்டுக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? அச்சாலையிலே 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் பேருந்து திரும்புகிறது. உள்ளே இருக்கும் நாமோ நேரே போக முற்பட்டு, அடுத்தவர்மேல் சாய்கிறோம். தூசித்துகளும் அப்படித்தான். காற்று திரும்பிவிடுகிறது, கனமான துகள் திரும்ப மாட்டாமல் நேரே சென்று எண்ணெயில் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. நியூட்டனின் முதல் விதியைக் கற்பிக்க இதைவிட நல்ல கருவி வேண்டுமோ?

இக்காலக் கார்களில் உள்ளது மடிப்புத்தாள் வடிகட்டி. அதைச் சல்லடை என்று எண்ணிவிடக் கூடாது. சல்லடையில் கண்ணைவிடச் சிறியது எல்லாம் கீழே விழுந்துவிடும். இதுவோ முட்புதர் போன்றது. தாளினுள் இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. காற்று வளைந்து வளைந்து அதனூடே செல்லும்போது, பெரிய துகள்கள் திரும்ப மாட்டாமல் இழைகளில் மோதி நிற்கின்றன. நடுத்தரமானவை உராய்ந்து செல்லும்போது ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவையோ, காற்றின் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதால் குடிகாரன் போலத் தள்ளாடி, எங்காவது ஓர் இழையைத் தொட்டு அகப்படுகின்றன. வியப்பு என்னவென்றால், ஓரளவு தூசி படிந்த வடிகட்டி, புத்தம் புதியதைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும். படிந்த தூசியே மேலும் ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. ஆதலால் வாரந்தோறும் திறந்து தட்டிக்கொண்டிருப்பவர் நன்மை செய்வதாக எண்ணித் தீமையே செய்கிறார்.

மடிப்பு எதற்கு? ஒரு கணக்குப் போடுவோம். 25 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சட்டத்தின் பரப்பு 500 சதுர சென்டிமீட்டர். அதற்குள் 4 சென்டிமீட்டர் ஆழமுள்ள 40 மடிப்புகளை வைத்தால், ஒவ்வொரு மடிப்புக்கும் இரு பக்கம். தாளின் மொத்தப் பரப்பு 6,400 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய 13 மடங்கு! பரப்பு பெருகப் பெருக, ஒவ்வோர் இடத்திலும் காற்று மெல்லச் செல்கிறது, தடையும் குறைகிறது. சேலையின் கொசுவத்தைக் கண்டவர்க்கு இது புதிய செய்தியன்று.

இங்கே பரவலாக வழங்கிவரும் ஒரு கூற்றை ஆராய வேண்டும். வடிகட்டி அடைத்தால் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும் என்று எல்லாரும் சொல்வர். கார்புரேட்டர் இருந்த காலத்தில் அது மெய்யே. காற்று வழி அடைத்தால் அங்கே உறிஞ்சும் விசை மிகுந்து, பெட்ரோல் அளவுக்கு மேல் இழுக்கப்படும். ஆனால் இக்கால எஞ்சின்களில் உட்புகும் காற்றின் அளவை உணர்கருவி ஒன்று கண்டறிய, அதற்கேற்பக் கணினியே பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தார் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய வண்டிகளில் அடைத்த வடிகட்டியால் எரிபொருள் செலவு குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றும், விரைந்து வேகமெடுக்கும் ஆற்றலே குறைகிறது என்றும் கண்டனர். ஆகவே மைலேஜ் கூடும் என்று சொல்லி உங்களிடம் வடிகட்டி விற்பவரை முழுதும் நம்பவேண்டா. எனினும் மலைச்சாலையில் அந்த ஆற்றல் சிறு பொருளன்று. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும்போது உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர் கூடுகிறது; காற்றின் அடர்த்தியோ பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இயற்கை ஒரு பங்கைக் குறைத்த இடத்தில், நம் சோம்பல் இன்னொரு பங்கைக் குறைத்தால், நிறைந்த வண்டி வளைவின் நடுவே திணறி நிற்கும்.

இனி, இவ்வடிகட்டியை நாமே மாற்றும் வகையைக் கூறுகிறேன். பட்டறைக்காரரின் பிழைப்பைக் கெடுக்க நான் முற்படவில்லை. அவருக்கு வேறு வேலை நிறைய உண்டு. ஒரு திருப்புளியும் ஒரு துணியும் போதும். பல வண்டிகளில் திருப்புளிகூட வேண்டா. வண்டிக்கு உரியவரின் இசைவைப் பெற்று, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சூடு ஆறும் வரை காத்திருங்கள். முன்மூடியைத் திறந்து முட்டுக்கோலை ஊன்றுங்கள். கறுப்பு நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், அதிலிருந்து எஞ்சினை நோக்கிச் செல்லும் மடிப்பு மடிப்பான தடித்த குழாயும் தெரியும். அப்பெட்டியே வடிகட்டியின் இருப்பிடம். கிளிப்புகளை விடுவித்து மூடியை மெல்ல உயர்த்துங்கள். மூடியோடு மின்கம்பி ஏதேனும் இணைந்திருந்தால் இழுக்காதீர்கள். முன்னே சொன்ன உணர்கருவி அதில் இருக்கக்கூடும்.

வடிகட்டியை எடுக்குமுன் அது எப்பக்கம் மேலாக அமர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எடுத்தபின் எஞ்சினுக்குச் செல்லும் துளையைத் தூய துணியால் அடைத்துவிட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும் மண்ணையும் சருகையும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஊதாதீர்கள், ஊதினால் போகவேண்டாத இடத்துக்கே மண் போகும். துணியைத் திரும்ப எடுக்க மறந்தீரோ, எஞ்சின் மூச்சுத் திணறும்! புதிய வடிகட்டியின் ரப்பர் விளிம்பு நாற்புறமும் பள்ளத்தில் சரியாக அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். என் கருத்தில் இவ்வேலையின் உயிர்நிலை இதுதான். தாள் எவ்வளவு உயர்ந்ததாயினும், விளிம்பில் நூலளவு இடைவெளி இருந்தால் காற்று அவ்வழியேதான் ஓடும். தூசியும் உடன் செல்லும். மலிவாகக் கிடைக்கும் போலிகள் தோற்பது பெரும்பாலும் தாளிலன்று, இவ்விளிம்பிலேதான். மூடியின் கொக்கிகளை முதலில் மாட்டி, பின் கிளிப்புகள் அனைத்தையும் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள். சீழ்க்கை ஒலி கேட்டால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள்.

பழையதைக் கழுவிப் போடலாமா என்று சிக்கனக்காரர் கேட்பார்கள். தாள் வடிகட்டியைத் தண்ணீரில் நனைத்தால் இழை குலைந்துவிடும். வண்டியின் கையேடு இசைந்தால் மட்டும், மெல்லிய காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகச் செலுத்தித் தூசியை உதிர்க்கலாம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதையும் கையேட்டிலேயே காண்க. புழுதிச் சாலைக்கென்று அதில் தனிக் கணக்கு இருக்கும். நம் பக்கத்தார்க்கு உரியது அந்தக் கணக்கே.

எஞ்சினுக்கு ஒரு வடிகட்டி இருப்பதுபோல, வண்டிக்குள் அமரும் நமக்கும் ஒன்று உண்டு. அதை ஏசி ஃபில்டர் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். குளிரூட்டியின் விசிறி தள்ளும் காற்று இதன் வழியே செல்கிறது. எஞ்சினே இல்லாத மின்சாரக் கார்களிலும் இது உண்டு. குறைந்த விலை வண்டிகள் சிலவற்றில் இதை வைக்கும் இடம் மட்டும் இருக்கும், வடிகட்டி இராது; பார்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். இதைச் சுகவாழ்வுக்கான பொருள் என்று பலர் கருதுகின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. மழைக்காலத்தில் போடிமெட்டுச் சாலையில் மேகம் இறங்கி வரும். வெளியே குளிர், உள்ளே ஐந்து பேரின் மூச்சு. முன்கண்ணாடியின் உட்புறம் நொடியிலே பனித்துவிடும். அப்போது கண்ணாடியின்மேல் காற்று வீசினால்தான் ஓட்டுபவருக்கு வழி தெரியும். இலவம் பஞ்சும் சருகும் அடைத்த வடிகட்டியோ காற்றை விடாது. விசிறி முழு வேகத்தில் இரைந்தும் கண்ணாடி தெளியாமல் கிடப்பதை நான் அச்சாலையில் ஒரு முறை கண்டிருக்கிறேன். எதிரே ஏல மூட்டை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டினார். அதற்குமேல் அதைப்பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இது பெரும்பாலான கார்களில் முன்னிருக்கையின் எதிரே உள்ள சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அப்பெட்டியைக் காலிசெய்து, அதன் இரு பக்கச் சுவர்களையும் உட்புறமாக அழுத்தினால் அது கீழே தொங்கும். பக்கத்தில் சிறு கயிறோ கம்பியோ பிடித்திருந்தால் அதை முதலில் கழற்றிவிடுக. உள்ளே நீள்சதுர மூடி ஒன்று தெரியும். அதன் நாக்குகளை அழுத்தி மூடியை எடுத்தால் வடிகட்டி கைக்கு வரும். விசிறியை நிறுத்திவிட்டே இதைச் செய்யவேண்டும். முகத்துக்கு ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள். பூஞ்சணமும், சில வேளை எலியின் எச்சமும் அதில் இருக்கும். எங்கள் ஊரில் நெடுநாள் ஓடாமல் நின்ற கார் ஒன்றில் எலி குடும்பமே நடத்தியிருந்தது! சாய்க்காமல் மெதுவாக இழுத்தால் குப்பை விசிறிக்குள் விழாது. ஓரத்தில் அம்புக்குறி ஒன்று காணப்படும். அது காற்று செல்லும் திசை. பழையதில் அம்பு எப்பக்கம் நோக்கியதோ அப்பக்கமே புதியதிலும் நோக்கவேண்டும்.

கறுப்பு நிறத்தில் விற்கும் வகையில் செறிவூட்டிய கரி இருக்கும். அது புகை நாற்றத்தையும் சில வாயுக்களையும் பற்றிக்கொள்ளும். ஆனால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைக் கரியும் தடுக்காது, தாளும் தடுக்காது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புதிய வடிகட்டி போட்டிருக்கிறோம் என்ற துணிவில், எஞ்சினை ஓடவிட்டுச் சன்னல்களை அடைத்துக்கொண்டு ஒருபோதும் உறங்காதீர்கள். கார்க் கொட்டகையைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதும் அத்தகையதே.

புதிய வடிகட்டியைப் போடுமுன் அதன் சட்டத்தில் நாளையும், அப்போது மீட்டரில் காணும் கிலோமீட்டரையும் மையால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை திறப்பவருக்குக் கேள்வியே எழாது. பழையதை உடனே எறிந்துவிடாமல், புதியதையும் அதையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம். மடிப்பை விரித்துக் கைவில்லையால் நோக்கினால் பஞ்சிழை, எறும்பின் சிறகு, டயர் தேய்ந்த கரி, மகரந்தம் எல்லாம் தென்படும். பார்த்து முடித்தபின் அதை எரிக்கவேண்டா. ரப்பரும் செயற்கை இழையும் கலந்தது அது. பழைய தாளில் பொதிந்து குப்பை வண்டியில் சேர்த்துவிட்டுக் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள்.